பந்தயத் தடத்துக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள் எது?



பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் சிக்கனம், உடல் நலம் என்று எழுதி வரும் இந்தப் பகுதியில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம் வீட்டு இளைஞர்கள் சம்பாதிக்கத் தொடங்கியதும் முதலில் வாங்குகிற பெரிய பொருள் மோட்டார் சைக்கிள்தான். அதை நம்பித்தான் தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். அதிலேதான் அடிபடவும் செய்கிறார்கள். நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகவே இதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் தவறு.

அண்மைக் காலமாகப் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சார், பையன் சிப்பாங் பந்தயத் தடத்தில் போய் ஓட்டப் போகிறானாம். அதற்கு 600 சி.சி. வண்டி வேண்டுமாம். கடன் எடுக்கக் கையெழுத்துக் கேட்கிறான். என்ன செய்வது?" இளைஞர்கள் கேட்பது வேறு விதம். "சார், எந்த வண்டி எடுத்தால் நல்லது?" இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே இம்மாதம் பதில் எழுதுகிறேன். நான் பந்தயக்காரன் அல்லன். கப்சாயில் பள்ளிக்கூடம் போய் வருகிறவன். ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இந்தத் துறையில் இருக்கிறார்கள். அவர்களோடு சிப்பாங் சென்று ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், இது என்ன விஷயம் என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டும். இளைஞர்கள் 'டிராக் டே' என்பார்கள். இது பந்தயம் அன்று. பந்தயத் தடத்தை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுக்கும் ஏற்பாட்டாளர்களிடம் கட்டணம் செலுத்தி, நம் சொந்த வண்டியை அங்கே ஓட்டிப் பழகுவது. கோப்பை இல்லை, பரிசும் இல்லை. புதியவர்கள், ஓரளவு பழகியவர்கள், வேகமானவர்கள் என்று பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் பெரும்பாலும் 15 அல்லது 20 நிமிடம் ஓட விடுவார்கள். பிறகு ஓய்வு, மறுபடியும் ஓட்டம்.

எதிரே லாரி வராது. குறுக்கே மாடும் நாயும் ஓடாது. எல்லாரும் ஒரே திசையில் போவார்கள். தடத்தை விட்டு விலகினால் தாங்கிக்கொள்ள ஓரத்தில் திறந்த வெளியும் சரளைக்கல் பரப்பும் உண்டு. கொடி பிடித்து எச்சரிக்க ஆட்கள் நிற்பார்கள். மருத்துவ வண்டி தயாராக இருக்கும். இரவில் நெடுஞ்சாலையில் கூட்டமாகப் பறந்து, தன் உயிரையும் வழியில் போகிறவர் உயிரையும் பணயம் வைக்கிறார்களே சிலர், அந்தக் கூத்தோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்கு மேலானது. வேகத்தில் ஆசையுள்ள பிள்ளையைத் திட்டி அடக்கப் பார்ப்பதைவிட, சரியான இடத்தைக் காட்டுவது நல்லது என்பது என் கருத்து.

நம்மவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதும் அன்று. ஷா ஆலம் பத்து தீகா தடம் 1968இல் திறக்கப்பட்டது. தோட்டத்து லாரியில் ஏறிப் போய் அங்கே பந்தயம் பார்த்த கதையை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் போட்டி அங்கேதான் நடந்தது. 1998இல் ஜொகூர் தடத்துக்குப் போய், 1999இல் சிப்பாங்குக்கு வந்தது. சிப்பாங் தடத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், அதில் 15 வளைவுகள். சுற்றிலும் செம்பனை. அந்த நேர்ப்பாதையில் உலக வீரர்கள் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய வண்டி ஆசை பிறக்கிறது.

ஆனால் அந்த வீரர்கள் எதில் ஏறித் தொடங்கினார்கள் என்று பாருங்கள். நம் நாட்டில் 1994 முதல் கப் பிரி என்ற போட்டி நடந்து வருகிறது. நாம் வேலைக்கு ஓட்டிப் போகும் அதே கப்சாய் ரக வண்டிகளில் ஓடும் போட்டி அது. 2018இல் உலகப் போட்டியின் முதன்மைப் பிரிவில் முழுப் பருவமும் ஓடிய முதல் மலேசியரான ஹஃபிஸ் ஷாஹ்ரின் அங்கிருந்து வந்தவர். 2016இல் அர்ஜென்டினாவில் மோட்டோ 3 பிரிவில் வென்று, உலகப் போட்டியில் முதலிடம் பிடித்த முதல் மலேசியர் என்று பெயர் எடுத்தவர் கைருல் இடாம் பாவி. அவர் வென்ற அந்தப் பிரிவின் வண்டி எவ்வளவு பெரியது தெரியுமா? 250 சி.சி., ஒரே சிலிண்டர். உலக வீரர்களே சிறிய வண்டியில் பழகித்தான் மேலே போகிறார்கள் என்றால், நமக்கு மட்டும் எடுத்த எடுப்பில் 1000 சி.சி. எதற்கு?

எடுத்த எடுப்பில் பெரிய வண்டி ஏன் கூடாது? வகுப்பில் விளக்குவது போலவே விளக்குகிறேன்.

ஒரு கூர்மையான வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எவ்வளவு வேகத்தில் வழுக்காமல் திரும்பலாம் என்பதை முடிவு செய்வது வளைவின் அளவும் டயர் தரையைப் பிடிக்கும் பிடிப்பும்தான். இஞ்சினின் பலத்துக்கு அதில் பங்கு கிடையாது. உதாரணத்துக்கு, அந்த வளைவில் 70 கிலோமீட்டர் வேகம்தான் முடியும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல டயர் போட்ட 150 சி.சி. வண்டிக்கும் ஏறக்குறைய 70தான், 1000 சி.சி. வண்டிக்கும் ஏறக்குறைய 70தான். வளைவுக்கு சி.சி. கணக்குத் தெரியாது.

வேறுபாடு வளைவுக்கு முன்னும் பின்னும் இருக்கிறது. சிறிய வண்டி அந்த வளைவுக்கு 110இல் வந்து சேர்ந்தால், 40 குறைத்தால் போதும். பெரிய வண்டி 210இல் வந்து சேரும். அது 140 குறைக்க வேண்டும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 20 மீட்டர் வேண்டுமென்றால், 120இல் 80 மீட்டர் வேண்டும். 180இல் 180 மீட்டர் வேண்டும். இந்தக் கணக்கு மனத்திலும் கையிலும் ஊறாத பையன், பெரிய வண்டியில் ஏறினால் பிரேக்கைத் தாமதமாகத்தான் பிடிப்பான்.

இனி வளைவை விட்டு வெளியே வரும் நேரம். வண்டி இன்னும் சாய்ந்திருக்கிறது. டயரின் பிடிப்பில் பெரும் பகுதி திரும்புவதற்கே செலவாகிறது. அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரைச் சற்று அதிகமாக முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? 150 சி.சி. கப்சாயின் பலம் சுமார் 15 குதிரைத் திறன். அது பின் டயரை அவ்வளவு எளிதில் வழுக்க வைக்காது. 250 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டிக்கு 35 முதல் 40. 600 சி.சி. பந்தய ரக வண்டிக்கு 100க்கு மேல். 1000 சி.சி. வண்டிக்கு 200 அளவு. இந்த 200 குதிரையைப் பழகாத கை ஒன்று திடீரென்று அவிழ்த்துவிட்டால், பின் டயர் வழுக்கும். பயந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடினால், டயர் மறுபடியும் தரையைப் பிடித்து, வண்டி துள்ளி, ஓட்டியைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்துவிடும். பந்தயத் தடத்தில் மிக மோசமான விழுகை இதுதான்.

இப்போது வரும் பெரிய வண்டிகளில் வழுக்கலைக் கண்டு இஞ்சினை அடக்கும் மின்னணுக் கருவிகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது பெரும்பாலும் பழைய வண்டி. பல பழைய வண்டிகளில் அந்தக் கருவி கிடையாது. பலம் மட்டும் அப்படியே இருக்கும். மலிவாகக் கிடைக்கும் பழைய பெரிய வண்டிதான் புதியவனுக்கு மிக ஆபத்தான வண்டி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மாணவர்கள் இருவர் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒருவன் தொழிற்சாலை வேலைக்குப் போய் இரண்டு ஆண்டு ஆனதும், பழைய 1000 சி.சி. வண்டி ஒன்றைத் தவணையில் எடுத்தான். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். ஜாமீன் கையெழுத்து அவருடையது. முதல் முறை சிப்பாங் போன அன்று, காலையில் நன்றாக ஓட்டினான். இரண்டாவது ஓட்டத்தில் நண்பர்கள் நேர்ப்பாதையில் தன்னைக் கடந்து போனதைப் பார்த்து ரோஷம் வந்தது. வளைவிலிருந்து வெளியே வரும்போது முறுக்கினான். நான் மேலே சொன்னது போலவே தூக்கி எறியப்பட்டான். காறை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் வேலை இல்லை. வண்டியைப் பழுது பார்க்க, அதன் விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். தடத்தில் நடந்த சேதத்துக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்கவில்லை. தவணை மட்டும் மாதா மாதம் வந்துகொண்டே இருந்தது. அந்த மூன்று மாதமும் அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார்.

இன்னொருவன் அதே வகுப்பில் படித்தவன். அவனிடம் தவணை கட்டி முடித்த 150 சி.சி. கப்சாய் ஒன்று இருந்தது. அவன் முதலில் வாங்கியது வண்டி அன்று. பழைய தோல் உடுப்பும் நல்ல ஹெல்மெட்டும். சிப்பாங்கில் பெரிய தடத்துக்குப் பக்கத்தில் கோ-கார்ட் ஓடும் சிறிய தடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு வருடம் அந்தக் கப்சாயிலேயே ஓட்டினான். இரண்டு முறை விழுந்தான். ஒரு முறை பிரேக் நெம்புகோல் முறிந்தது. இன்னொரு முறை கால்மிதி வளைந்தது. இரண்டையும் பட்டணத்துப் பட்டறையிலேயே சரி செய்துகொண்டான். பிறகு பழைய 250 வாங்கினான். நான் சென்று பார்த்த அன்று, 1000 சி.சி. வண்டி ஒன்றை வளைவுக்கு வளைவு அவன் எட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தான். நேர்ப்பாதை வந்ததும் அந்தப் பெரிய வண்டி பறந்து போகும். அடுத்த வளைவில் இவன் மறுபடியும் அதன் பின்னால் ஒட்டிக்கொள்வான். ஓட்டத் தெரிந்தவர் யார் என்பது எனக்கே புரிந்தது.

சரி, உங்கள் நிலைக்கு ஏற்ற வண்டியை எப்படித் தெரிந்துகொள்வது? உங்களை நீங்களே உண்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நிலை: இதுவரை சாலையில் மட்டுமே ஓட்டியவர். பத்து வருடம் ஓட்டியிருந்தாலும் சரி, பந்தயத் தடத்தில் நீங்கள் முதல் வகுப்பு மாணவரே. முன் பிரேக்கை முழு பலத்தோடு எப்போதாவது பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? வளைவில் திரும்பும்போது கண் எங்கே போகிறது, முன் சக்கரத்துக்கா, வளைவு முடியும் இடத்துக்கா? இவற்றுக்குப் பதில் தெரியாதவரை உங்களுக்கு ஏற்றது 125 அல்லது 150 சி.சி. வண்டி. கையில் இருக்கும் கப்சாயே போதும். சிறிய தடத்தில் ஓட்டுங்கள். பெரிய தடத்தில் சிறிய வண்டிக்கு நேர்ப்பாதை நீளமாகவும் சலிப்பாகவும் இருக்கும். சிறிய தடத்தில் வளைவுகள் அடுத்தடுத்து வரும். அதிகம் கற்பது அங்கேதான்.

இரண்டாம் நிலை: ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிரேக் பிடித்து, ஒரே கோட்டில் திரும்பி, ஒரே இடத்தில் முறுக்க உங்களால் முடிகிறது. பக்கத்தில் ஒருவர் கடந்து போனாலும் உங்கள் வண்டி ஆடவில்லை. நேர்ப்பாதையில் முழுவதும் முறுக்கியும் "இன்னும் கொஞ்சம் வேண்டும்" என்று பயமில்லாமல் தோன்றுகிறது. இப்போது 250 சி.சி. வண்டிக்கு வரலாம். பி2 லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் 250 சி.சி. வரை சாலையிலும் ஓட்டலாம் என்பதால், பெரும்பாலான நம் பிள்ளைகளுக்கு இதுவே பொருத்தமான எல்லை. பலர் ஆயுள் முழுவதும் இந்த நிலையிலேயே மகிழ்ச்சியாக ஓட்டுகிறார்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

மூன்றாம் நிலை: 250 வண்டியில் பல நாட்கள் ஓட்டி, முறுக்க வேண்டிய இடத்திலெல்லாம் முழுவதும் முறுக்கி, மழையிலும் நிதானம் தவறாமல் ஓட்டக் கற்றவர். இவர் 400 அல்லது 600 சி.சி. பற்றி நினைக்கலாம். சாலையிலும் அதை ஓட்ட வேண்டுமானால் பெரிய வண்டிக்குரிய பி லைசன்ஸ் வேண்டும். 1000 சி.சி. வண்டியோ அதற்கும் அப்பால். அதன் முழுப் பலத்தையும் பயன்படுத்தத் தெரிந்தவர்கள், அதை வைத்திருப்பவர்களிலேயே சிலர்தான்.

ஒரு எளிய சோதனை சொல்கிறேன். ஒரு சுற்றில் எத்தனை இடத்தில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறக்க முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதி முறுக்கிலேயே பயம் வந்து கையை இறக்கிவிடுகிறீர்கள் என்றால், வண்டி உங்களுக்குப் பெரிது. முழுவதும் முறுக்கியும் மனம் அமைதியாக இருந்தால், வண்டி உங்களுக்குச் சரி. சிறிய வண்டி உங்கள் பிழைகளை மறைக்காது. வளைவில் தேவையில்லாமல் வேகத்தை இழந்துவிட்டால், மீண்டும் பிடிக்க நெடுநேரம் ஆகும். பிழை எங்கே என்று உடனே தெரிந்துவிடும். பெரிய வண்டியோ வளைவில் இழந்ததை நேர்ப்பாதையில் திருப்பிக் கொடுத்துவிடும். ஓட்டுகிறவரும் தாம் நன்றாக ஓட்டியதாக நினைத்துக்கொள்வார். முதல் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குப் பொறியைக் கொடுத்தால் விடை வரும், கணக்கு வராது அல்லவா?

இனி பணக் கணக்கு. பெற்றோர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

தவணை பாக்கி இருக்கும் வண்டியைத் தடத்துக்குக் கொண்டு போகவே கூடாது. வழக்கமான மோட்டார் காப்புறுதிப் பத்திரங்கள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கி வைக்கின்றன. உங்கள் பத்திரத்தை எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். புரியாவிட்டால் படித்தவரிடம் காட்டுங்கள். தடத்தில் உடைந்தால் நம் காசு என்று நினைத்துக்கொண்டே போக வேண்டும். "இந்த வண்டி இன்று நொறுங்கினாலும் அடுத்த மாதம் வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை" என்று சொல்ல முடிகிற வண்டிதான் தடத்துக்கு ஏற்ற வண்டி.

வேலைக்குப் போக ஒரே வண்டிதான் இருக்கிறது என்றால், அதையும் யோசியுங்கள். அது உடைந்தால் திங்கட்கிழமை எப்படி வேலைக்குப் போவது? அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அதிலேயே திரும்ப வேண்டும் என்ற நிலையும் நல்லதன்று. நான்கு நண்பர்கள் சேர்ந்து வேன் ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டால் செலவு குறையும். களைத்துப் போன உடம்போடு நெடுஞ்சாலையில் ஓட்டி வர வேண்டிய அவசியமும் இருக்காது. சில ஏற்பாட்டாளர்களும் பயிற்சிப் பள்ளிகளும் வண்டியையும் உடுப்பையும் வாடகைக்குத் தருவதுண்டு. சொந்தமாக வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகை வண்டியில் ஓட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வண்டியின் விலையோடு செலவு முடிவதில்லை. பெரிய வண்டியின் டயர் தடத்தில் சில நாட்களிலேயே தேய்ந்துவிடும். அதன் விலையும் அதிகம். கப்சாய் டயரும் பிரேக் கட்டையும் எந்தச் சிறு பட்டணத்துக் கடையிலும் கிடைக்கும். ஆகவே கையில் உள்ள பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள்: முதலில் உடுப்பு, இரண்டாவது பயிற்சி, மூன்றாவது டயரும் பிரேக்கும், கடைசியில்தான் வண்டியின் பலம். முகத்தை முழுவதும் மூடும் ஹெல்மெட், தோல் உடுப்பு, கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், முதுகெலும்பைக் காக்கும் கவசம் ஆகியவை வேண்டும். கடைக்குப் போகும் பாதி ஹெல்மெட்டும் ஜப்பான் சிலிப்பரும் அங்கே உதவா.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் சிலவற்றைப் பார்க்க வேண்டும். நெம்புகோல் முனை, கைப்பிடி முனை, கால்மிதி ஆகியவற்றில் உராய்ந்த தடம் இருந்தால் அது விழுந்த வண்டி. கைப்பிடியை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். முட்டி நிற்கும் இடம் நசுங்கியிருந்தால் அடி பலமானது. முன் ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா? புதிதாகப் பெயிண்ட் அடித்த சட்டம் எதையாவது மறைக்கிறதா? சட்டத்தில் பொறித்த எண்ணும் இஞ்சின் எண்ணும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்துப் போகின்றனவா? ஒத்துப் போகாத வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். திருட்டு வண்டி வாங்கிய வழக்கு உங்கள் தலையில் விழும். பிறகு வண்டியில் ஏறி உட்காருங்கள். நின்ற இடத்தில் இரண்டு காலும் உறுதியாக ஊன்றுகிறதா? சாய்ந்தால் தனியாக நிமிர்த்த முடிகிறதா? உயரமும் எடையும் ஒத்து வராத வண்டி, ஓட்டத் தெரிந்தவரையும் களைக்க வைத்துவிடும்.

தடத்துக்குப் போகும் முன் கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளில் பிசின் நாடா ஒட்டச் சொல்வார்கள். உடைந்தால் கண்ணாடித் துண்டு சிதறாமல் இருக்க. ரேடியேட்டர் உள்ள வண்டியானால் கூலண்டை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்லும் இடமும் உண்டு. கூலண்ட் தரையில் சிந்தினால் வழுக்கும். பின்னால் வருகிறவர் விழுவார். எண்ணெய்க் கசிவுக்கும் அதே ஆபத்துதான். பிரேக் எண்ணெய், சங்கிலியின் தளர்வு, டயரின் காற்று மூன்றையும் முதல் நாளே பாருங்கள்.

கொடிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து. வேகத்தைக் குறை, யாரையும் கடக்காதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. மெதுவாக உள்ளே வா. நீலம் என்றால் உன்னைவிட வேகமானவர் பின்னால் வருகிறார். தடுமாறாமல் உன் கோட்டிலேயே போ. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தரை வழுக்குகிறது. கட்டம் போட்ட கொடி என்றால் நேரம் முடிந்தது. நம் நாட்டு வெயிலில் தோல் உடுப்புக்குள் உடம்பு வெந்துவிடும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். "இன்னும் ஒரு சுற்று" என்று மனம் கேட்கும் நேரத்தில்தான் உடம்பு களைத்திருக்கும். அப்போது உள்ளே வந்துவிடுங்கள். பிற்பகலில் மழை பெய்தால் அதில் கற்பதற்கும் சிறிய வண்டிதான் நல்லது.

பெற்றோர்களே, பிள்ளை இதைக் கேட்கும்போது உடனே "கூடாது" என்று கதவைச் சாத்தாதீர்கள். சாத்தினால் அவன் இரவில் சாலைக்குப் போவான். நீங்கள் கதவருகே உட்கார்ந்திருப்பீர்கள். உடனே கையெழுத்தும் போடாதீர்கள். "இருக்கிற வண்டியிலே ஒரு வருடம் ஓட்டிக் காட்டு, பிறகு பேசலாம்" என்று சொல்லுங்கள். உண்மையான ஆசை உள்ளவன் ஒப்புக்கொள்வான். படம் எடுத்து நண்பர்களுக்குக் காட்டத்தான் வண்டி கேட்டவனுக்கு, ஒரு வருடத்தில் ஆசை தானே ஆறிவிடும். இரண்டில் எது நடந்தாலும் உங்களுக்கு நட்டமில்லை. முடிந்தால் ஒரு நாள் நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள். அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் பிள்ளை ஒரு சுற்றாவது நிதானமாக ஓட்டுவான்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பால் வெட்டப் புதிதாக வந்தவரை முதல் நாளே இளமரத்தில் கத்தி வைக்க விடமாட்டார்கள் என்பது உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரியும். பட்டை ஆழமாக வெட்டுப்பட்டால் மரம் வருடக்கணக்கில் வீணாகும். அழிக்கப்போகும் பழைய மரத்தில்தான் கை பழக்குவார்கள். உங்கள் எலும்பும் உங்கள் வீட்டு வருமானமும் அந்த இளமரத்தைவிட மலிவானவை அல்ல. பழைய கப்சாயில் கை பழகுங்கள். விரலுக்குத் தக்க வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது வண்டிக்கும் பொருந்தும்.

அடுத்த முறை சம்பளம் வந்ததும் வண்டிக் கடைக்குப் போகாமல், தடத்தில் புதியவர்களுக்கான பயிற்சி நாள் எப்போது, கட்டணம் எவ்வளவு, என்ன உடுப்பு வேண்டும், உங்கள் கப்சாயை அனுமதிப்பார்களா என்று ஏற்பாட்டாளர்களிடம் விசாரியுங்கள். விசாரித்ததை ஒரு தாளில் எழுதி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அப்பா முன்னால் வையுங்கள். செலவுக் கணக்கையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதிக் காட்டுகிற பிள்ளையை எந்த வீட்டிலும் அலட்சியப்படுத்தமாட்டார்கள்.